வடு சொல்லும் பிறந்த மாதம்: திருகோணமலைக் கரையில் கொம்பன் சுறாக் குட்டிகளின் வளர்ச்சியை மதிப்பிடல்

சுறாவின் வயதை அறிய அதன் முள்ளென்பை அரிந்து, நுணுக்குக்காட்டியின் கீழ் வளையங்களை எண்ணுவது வழக்கம். வருடத்துக்கு எத்தனை வளையம் விழுகிறது என்பதில்தான் பிணக்கு. கொம்பன் சுறாவில் இரண்டு எனக் கொண்டது 1990இல் வெளியான தைவான் ஆய்வு. பிற்கால அத்திலாந்திக் ஆய்வு ஒன்று எனக் கொண்டது. இரண்டு என்றால் வயது பாதியாகும், வளர்ச்சி வீதம் இரட்டிக்கும். குட்டிகளின் நீளத்தைக் கொண்டே இப்பிணக்கைச் சோதிக்கலாம்; ஆனால் பிறப்பு எந்தெந்த மாதங்களில் நிகழ்கிறது என்று தெரியாதவரை நீளம் எதையும் நிறுவாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். பிறப்பு நீளம் 50 சென்ரிமீற்றர், எல்லை நீளம் 300 சென்ரிமீற்றர் என வைத்துக்கொள்வோம். வொன் பெர்டலன்ஃபி சமன்பாட்டின்படி, வளர்ச்சிக் குணகம் 0.1 ஆனால் ஒரு வயதுக் குட்டி சுமார் 74 சென்ரிமீற்றரும் இரண்டு வயதுக் குட்டி 95 சென்ரிமீற்றரும் இருக்கும். குணகம் 0.2 ஆனால் ஆறு மாதத்திலேயே 74ஐயும் ஒரு வயதில் 95ஐயும் எட்டிவிடும். ஆக, கரையில் கிடக்கும் 74 சென்ரிமீற்றர்க் குட்டி மெதுவாக வளர்ந்த ஒரு வயதுக் குட்டியாகவும் இருக்கலாம், விரைவாக வளர்ந்த ஆறு மாதக் குட்டியாகவும் இருக்கலாம். நீள மீடிறன் வரைபில் தோன்றும் முகடுகளை மட்டும் வைத்து வயது சொல்வோர் வழுக்கும் இடம் இதுவே.

இந்த ஐயத்தை நீக்கும் சான்று குட்டியின் வயிற்றிலேயே உண்டு. கொம்பன் சுறா சூல்வித்தகத்தின் வழியே ஊட்டம் பெற்றுக் குட்டியாகப் பிறப்பது. குட்டியை மல்லாத்தினால் முன் செட்டைகளுக்கு இடையே கொப்பூழ் வடு தெரியும். புதிதாகப் பிறந்ததில் அது திறந்த பிளவு. சில வாரங்களில் மூடிக் கோடாகி, பின்னர் மங்கிவிடும். மீனை வெட்டாமல் பார்க்கலாம் என்பதால் ஏலத்துக்கு வந்த மீனிலும் இதைப் பதியலாம். திறந்த வடு ஒரு பருவத்தில் மட்டுமே காணப்பட்டால், அதே பருவத்தில் கிடைக்கும் 74 சென்ரிமீற்றர்க் குட்டி முந்திய வருடத்தது. ஆண்டு முழுதும் திறந்த வடு காணப்பட்டால் முகடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அந்தத் தரவிலிருந்து வயது சொல்ல இயலாது.

ஆகவே திறந்த வடு காணப்படாத மாதங்களும் காணப்பட்ட மாதங்களுக்கு நிகரான சான்று. திருகோணமலையில் சிக்கல் இங்கேதான். வாடைக் காலத்தில் வெளிக்கடல் கொந்தளிப்பதால் சிறு படகுகள் பல கரையேறிவிடும். கரைவலையும் பெரிதும் சோளகக் காலத் தொழில். மார்கழியில் குட்டி காணப்படவில்லை என்றால் பிறப்பு இல்லையா, வலை இல்லையா? பதிவேட்டில் மீன் இல்லாத நாளையும் தொழில் இல்லாத நாளையும் பிரித்து எழுதினாலன்றி விடை கிடையாது. காற்றுக்கு ஒதுக்கான உட்துறையில் வாடைக் காலத்திலும் மாதிரி எடுப்பது இடைவெளியை ஓரளவு நிரப்பும். பங்குனியில் பிடிபடும் மங்கிய வடுக் குட்டிகளும் வாடைப் பிறப்புக்குச் சாட்சி சொல்லும்.

இன்னொரு கலப்பும் உண்டு. கொட்டியாரக் குடாவிலிருந்தே ஆழ்கடற் பள்ளத்தாக்கு தொடங்குவதால் ஆழநீர் கரைக்கு மிக அண்மையில் உள்ளது. குடாவில் வலைபட்ட குட்டியும் பலநாட் கலம் வெளியே பிடித்த சுறாவும் ஒரே தரவில் சேரலாம். செவுள்வலையோ தன் கண்ணளவுக்கேற்ற மீனையே அதிகம் பிடிக்கும். வலையையும் பிடித்த ஆழத்தையும் குறிக்காவிட்டால் வரைபில் எழும் முகடு வயதைக் காட்டுகிறதா, வலைக்கண்ணைக் காட்டுகிறதா என்று பிரிக்க முடியாது.

பிறந்த குட்டி சமன்பாட்டின்படியே வளருமா என்ற மறுப்பு எழலாம். ஹவாயின் கனியோஹே குடாவில் கொம்பன் குட்டிகள் முதல் மாதங்களில் எடை இழப்பதும் பல பட்டினியால் மடிவதும் அறியப்பட்டவை. எனவே நீளத்தோடு எடையையும் எடுக்க வேண்டும். மெலிந்த தொகுதியின் குறுகிய நீளத்தை மந்த வளர்ச்சிக்குச் சான்றாகக் கொள்ளலாகாது.

கொம்பன் சுறா 2014 முதல், அருகிவரும் இனங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பின் கட்டுப்பாட்டில் உள்ளது. ஏற்றுமதியானது இனத்தின் நிலைப்பைப் பாதிக்காது என ஏற்றுமதி செய்யும் நாடு காட்டியாக வேண்டும். வளர்ச்சி வீதத்தை இரட்டித்துக் கணித்தால் பிடிக்கத்தக்க அளவும் பெருகித் தோன்றும். கொப்பூழ் வடு, வலை, ஆழம், எடை ஆகிய நான்கும் பதியப்படாத நீளத் தரவை அந்தக் கணிப்புக்கு அடிப்படையாக ஏற்கக் கூடாது.