வாக்களிக்கத் தெரிந்த நமக்கு, வட்டாரத்தில் நிற்கத் தெரியாதா?

மழைக்கு வடிகான் நிரம்பினால் முதலில் அவதிப்படுவது யார்? வீட்டிலிருக்கும் பெண்கள்தான். தெருவிளக்கு எரியாவிட்டால், டியூஷன் முடிந்து வரும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்பதும் உம்மாமார்தான். வடிகான், தெருவிளக்கு, குப்பை, நூலகம், சந்தை எல்லாமே பிரதேச சபையின் வேலைகள். ஆனால் அந்தச் சபைக் கதிரைகளில் நாம் நீண்ட காலம் கண்டது பெரும்பாலும் ஆண்களைத்தான்.

கொஞ்சம் பின்னோக்கிப் பார்ப்போம் உறவுகளே.

1927 இல் உருவான பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் சார்பில் அக்னஸ் டி சில்வா போன்றோர் டொனமூர் ஆணைக்குழுவின் முன் சென்று வாக்குரிமை கேட்டனர். 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே கொடுக்கலாம் என்றது ஆணைக்குழு. இறுதியில் 1931 இல் ஆண், பெண் இருபாலாருக்கும் 21 வயதிலேயே வாக்குரிமை கிடைத்தது. அதே ஆண்டில் ருவன்வெல்ல இடைத்தேர்தலில் வென்று அடலின் மொலமூரே அரசாங்க சபைக்குச் சென்றார்.

நமது சமூகத்திலும் முன்னோடி உண்டு. முஸ்லிம் மகளிர் கல்லூரியின் அதிபராக இருந்த ஆயிஷா ரவூப் 1949 இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார். பின்னர் பிரதி மேயராகவும் பதவி வகித்தார். கேரளாவில் பிறந்து இங்கு வந்த ஓர் ஆசிரியை அவர்.

ஆனால் அது தலைநகரம். கிராமத்துக் கதவு திறக்கவில்லை. 2018 வரை நாடு முழுவதும் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்கள் 2 வீதத்துக்கும் குறைவு.

2016 இல் 25 வீத ஒதுக்கீடு சட்டமானது. 2018 பெப்ரவரி 10 தேர்தலில் பெண்கள் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினர். 25 வீதத்தை எட்டவில்லை. காரணம், 20 வீதத்துக்குக் குறைந்த வாக்குகளோடு மூன்றுக்குக் குறைந்த ஆசனங்களையும் பெறும் கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ இந்தக் கடப்பாடு இல்லை. சிறிய குழுக்கள் பல போட்டியிடும் நமது ஊர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வட்டார வேட்பாளர்களில் பெண்கள் 10 வீதம் இருந்தால் சட்டத்துக்குப் போதும். மேலதிகப் பட்டியலில்தான் 50 வீதம். அதனால் 2018 இல் தெரிவான பெண்களில் பெரும்பாலானோர் பட்டியல் வழியாகவே வந்தனர். பட்டியலில் வந்தவரை, "கட்சி தந்த கதிரை" என்று சொல்லி ஒதுக்குவது இலகு. வட்டாரத்தில் வென்றவரிடம் அப்படிச் சொல்ல முடியாது.

சட்டம் கதவைத் திறந்துவிட்டது. வட்டாரத்தில் நிறுத்துவது நமது கையில். அடுத்த முறை கட்சிக்காரர்கள் வீட்டுக்கு வந்து "பட்டியலுக்கு ஒரு பெண் பெயர் தாங்க" என்று கேட்டால், நாம் திருப்பிக் கேட்போம்: "வட்டாரத்துக்கு யாரைப் போடுறீங்க?"