ஜீப்பைத் தூக்கினா ஸ்டியரிங் என்ன ஆகும்? கொஞ்சம் சரித்திரம்

எங்க புனே குடியிருப்புல ஒரு தம்பி பழைய ஜீப் வாங்கி அஞ்சு இஞ்ச் தூக்கிட்டார். "அங்கிள், முழுசா ஒடிச்சா 'கடக்'னு சத்தம் வருது"ன்னார். குனிஞ்சு பார்த்தா, ஸ்டியரிங் ராடு பட்டையில (அதாங்க, லீஃப் ஸ்பிரிங்) உரசி வெள்ளைக் கோடு விழுந்திருக்கு. அந்த வாரக் கடைசியில அப்பா அம்மாவை மகாபலேஷ்வர் கூட்டிட்டுப் போறாராம். எனக்கு வயித்துல புளி கரைச்சது.

கொஞ்சம் கொசுவத்தி சுத்தினாத்தான் விஷயம் புரியும்.

1940-ல அமெரிக்க ராணுவம் கேட்டது எடை குறைஞ்ச, எதிரி கண்ணுல சுலபமா படாத குள்ள வண்டி. 1941-ல வந்த வில்லிஸ் எம்பி-யில பட்டைகள் அச்சுக்குக் கீழே இருந்தது. ஸ்டியரிங் ராடுகளும் அந்த உயரத்துக்குக் கணக்குப் போட்டதுதான். 1940-களின் கடைசியில மஹிந்திரா மும்பையில பூட்ட ஆரம்பிச்சதும் இந்த வில்லிஸ் ஜீப்பைத்தான்.

போர் முடிஞ்சு ஜீப் பொழுதுபோக்கு வண்டியானதும் பெரிய டயர் ஆசை வந்தது. குறுக்கு வழி, பட்டையை அச்சுக்கு மேலே மாத்தறது. 1986-ல வந்த ரேங்லர் ஒய்ஜே-யில இது ரொம்பப் பிரபலம். சட்டத்தோட ஸ்டியரிங் பெட்டியும் மேலே போயிடும். ராடோட மறுமுனை மட்டும் சக்கரத்துகிட்ட கீழேயே நிக்கும். ராடு சரிவாகி, பள்ளத்துல இறங்கினா சக்கரம் தானா திரும்பும். இதுதான் பம்ப் ஸ்டியர். போதாததுக்கு, ராடு ஆடற இடத்துல இப்ப பட்டை உட்கார்ந்திருக்கு!

முதல்ல கண்டுபிடிச்ச வைத்தியம், நீளமா கீழே வளைஞ்ச பிட்மேன் ஆர்ம். சரிவு குறையும், ஆனா பெட்டிக்குச் சுமை கூடும், ராடும் இன்னும் கீழே தொங்கும். உருப்படியான வைத்தியம், சக்கரத்துப் பக்க முனையை மேலே ஏத்தறது. டானா 44 அச்சுல நக்கிளோட தட்டையான தலையில தனிக் கை போல்ட் பண்ணினாங்க. அதுக்கு வழியில்லாத அச்சுல, டை ராடு முனை உட்கார்ற கூம்பு ஓட்டையை மேலேயிருந்து கடைஞ்சாங்க.

எதைச் செஞ்சாலும் சோதனை ஒண்ணுதான். ஒரு சக்கரத்தை முழுசா மேலே ஏத்தி, மறுபக்கத்தைத் தொங்க விட்டு, இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒடிச்சுப் பாருங்க. அப்புறம் பக்கம் மாத்தியும் பாருங்க. சமதரையில தெரியற இடைவெளியை நம்பாதீங்க.

தம்பி அப்பா அம்மாவை பஸ்ல கூட்டிட்டுப் போனார். ஜீப் இன்னும் ஸ்டாண்டுலதான் நிக்குது :-)

டிஸ்கி: தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019-ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. தூக்கறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ.-வுல கேட்டுக்குங்க.