தோற்றவர் பக்கமே நின்ற ரசிகர்கள்

ஸ்னூக்கர் ஏதோ லண்டனில் பிறந்த ஆட்டம் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை, நம்ம ஜபல்பூரில்தான் பிறந்தது! 1875-ல் அங்கிருந்த நெவில் சேம்பர்லேன் என்ற ராணுவ அதிகாரி (பின்னாளில் பிரதமரானவர் வேறு ஆள்), மெஸ்ஸில் காசு வைத்து ஆடிய பில்லியர்ட்ஸ் மேஜை ஆட்டங்களைக் கலந்து இதை உண்டாக்கினார். விதிகளை எழுதி மாட்டியது நம்ம ஊட்டி கிளப்பில். ஆக, பந்தயம் இந்த ஆட்டத்தோடு கூடவே பிறந்தது.

இங்கிலாந்தில் கால்பந்துப் பந்தயத்தை வீடு வீடாகக் கொண்டுபோனது 'பூல்ஸ்' சீட்டு. 1923-ல் லிட்டில்வுட்ஸ்காரர்கள் மான்செஸ்டரில் மைதான வாசலில் 4,000 சீட்டு கொடுத்தார்கள். திரும்பி வந்தது வெறும் 35. கூட்டாளிகள் இருவர் கழன்றுகொண்டார்கள். விடாமல் நடத்திய ஜான் மூர்ஸ் பெரும் கோடீஸ்வரர் ஆனார். 1961 மே 1 முதல் பந்தயக் கடைகளுக்கும் சட்டம் வழிவிட்டது. அதன்பின் ரசிகனின் சம்பளக் கவர் நேராக அங்கே போனது.

இனி அவன் பட்ட பாட்டைப் பாருங்கள்.

1985 உலக ஸ்னூக்கர் இறுதி ஆட்டம். ஸ்டீவ் டேவிஸ் 8-0 என்று முன்னணி. அந்த நேரத்தில் அவர் மேல் கட்டியவன் நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பான். டென்னிஸ் டெய்லர் 17-17 வரை துரத்தி வந்து, நள்ளிரவு தாண்டி, கடைசிக் கறுப்புப் பந்தில் கோப்பையைத் தட்டிக்கொண்டு போனார். ஆட்டம் முழுக்க அவர் முன்னணிக்கு வந்தது அந்த ஒரு பந்தில்தான்.

இன்னும் பாவம், ஜிம்மி வைட்டின் ரசிகர்கள். மனுஷன் 1984-லும், 1990 முதல் 1994 வரை தொடர்ந்தும், ஆறு இறுதி ஆட்டங்கள் ஆடி ஆறிலும் தோற்றார். 1992-ல் 14-8 என்று முன்னணியில் இருந்து 14-18! 1994-ல் அவருடைய பிறந்தநாள் வேறு. 17-17, கடைசி ஃப்ரேமிலும் முன்னால் இருந்தபோது சுலபமான கறுப்புப் பந்தைத் தவறவிட்டார். "இந்த வருஷம் நிச்சயம்" என்று அவர் மேல் கட்டிக்கொண்டே இருந்தவர்களுக்கு வருஷா வருஷம் நாமம்தான்.

ஜெயித்தாலும் வயிற்றெரிச்சல் உண்டு. 2015-16-ல் லெஸ்டர் சிட்டி பட்டம் வெல்ல ஒன்றுக்கு 5,000 தருவதாகச் சொன்னார்கள். 50 பவுண்டு கட்டிய ஒருவர், சீசன் முடியும் முன்பே 72,000 சொச்சத்தை வாங்கிக்கொண்டு விலகினார். காத்திருந்தால் இரண்டரை லட்சம்.

இதையெல்லாம் தலைவிதி என்று சொல்லலாம். வங்கியில் வட்டிக் கணக்கு பார்க்கிற எனக்குக் கணக்குதான் கண்ணில் படுகிறது. சரிசமமான இரண்டு பேர் ஆடுகிறார்கள். புக்கி சொல்லும் விலை, 110 கட்டினால் 100 லாபம். இரண்டு பக்கமும் ஒவ்வொருவர் கட்டினால் வசூல் 220, பட்டுவாடா 210. யார் ஜெயித்தாலும் பத்து ரூபாய் அவனுக்கு. ஐந்து ஆட்டங்களைச் சேர்த்து ஒரே சீட்டாகக் கட்டினால் இந்தக் கழிவு ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும். 100 ரூபாய்க்குச் சராசரியாகத் திரும்புவது 79 தான். கூட்டு வட்டி தெரியுமல்லவா, அதுவே தலைகீழாக!

அதோடு, எல்லோருக்கும் பிடித்த ஆட்டக்காரர் மேல் பணம் குவியக் குவிய புக்கி விலையைக் குறைத்துவிடுவான். ரசிகனின் பாசத்துக்கும் சேர்த்துத்தான் வசூல்.

இங்கே 2025-ல் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், காசு வைத்து ஆடும் செயலிகளைத் தடை செய்தது. நல்லதுதான். ஆனால் ஊரை விட்டு வந்து, தனியாக அறை எடுத்துத் தங்கி, கையில் சம்பளமும் போனுமாக இருக்கும் நம் பிள்ளைகளை வேறு வழியில் தேடி வருகிறவர்கள் வரத்தான் செய்வார்கள். சட்டத்தைக் காட்டி மிரட்டுவதைவிட, அந்த 220-210 கணக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு உட்கார்ந்து போட்டுக் காட்டுங்கள்.