கருணைக்கொலையும் வைத்தியர்களின் மறுப்பும்: ஒரு சின்ன வரலாறு

கருணைக்கொலை பற்றிக் கதைக்கத் தொடங்கினால் நாங்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவோம். "இவ்வளவு வேதனைப்படுற ஆளைப் போகவிடுறதுதானே நியாயம்" என்பது ஒரு கட்சி. "உயிரை எடுக்க வைத்தியருக்கு என்ன உரிமை" என்பது மற்றக் கட்சி. ஹிப்போகிரட்டீஸ் காலத்திலிருந்து வைத்தியர்கள் எல்லோரும் இரண்டாவது கட்சியில்தான் நின்றார்கள் என்றும் நம்பிக்கொள்கிறோம். ஆனால் பிரித்தானியாவில் இந்த விவாதம் நடந்த விதத்தைப் பார்த்தால் கதை வேறு.

அங்கே கருணைக்கொலையைச் சட்டமாக்கக் கேட்டுப் புறப்பட்டவர்களில் முன்னுக்கு நின்றவர்களே வைத்தியர்கள்தான். லெஸ்டர் நகரின் சுகாதார வைத்திய அதிகாரியாக இருந்த கிலிக் மிலார்ட் 1931இல் இந்தக் கோரிக்கையைப் பகிரங்கமாக வைத்தார். 1935இல் அதற்கென்று ஒரு சங்கமே உருவானது. அதன் தலைவர் மொய்னிஹன் பிரபு பேர்போன சத்திரசிகிச்சை நிபுணர். 1936 டிசம்பரில் சட்டமூலம் பிரபுக்கள் சபைக்கு வந்தது. 14 பேர் ஆதரித்தார்கள், 35 பேர் எதிர்த்தார்கள். மூலம் தோற்றது.

எதிர்த்துப் பேசியவர்களில் முக்கியமானவர் டோசன் பிரபு, அரச குடும்பத்தின் வைத்தியர். சாகிறவரின் வேதனையைக் குறைப்பது வைத்தியரின் கடமைதான், ஆனால் அது வைத்தியரின் மனச்சாட்சியோடு இருக்கட்டும், சட்டம் அதற்குள் நுழையத் தேவையில்லை என்பது அவரது வாதம். கேட்க நல்லாத்தான் இருக்கிறது.

அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருந்தது வெளியே வர ஐம்பது வருடம் எடுத்தது. டோசனின் சொந்தக் குறிப்புகள் 1986இல் பிரசுரமாயின. அதே 1936ஆம் ஆண்டு ஜனவரி 20 இரவு, மரணப் படுக்கையில் மயங்கிக் கிடந்த ஐந்தாம் ஜோர்ஜ் மன்னருக்கு அவர் மோர்பினும் கொக்கெயினும் ஊசியில் ஏற்றி முடிவை விரைவுபடுத்தியிருக்கிறார். பக்கத்தில் இருந்த தாதி இதைப் பார்த்துக் கலங்கியதால் தன் கையாலேயே ஏற்றினாராம். நேரத்தைத் தெரிவு செய்ததற்கு அவர் எழுதிவைத்த காரணங்களில் ஒன்று, செய்தி மாலைப் பத்திரிகைகளுக்குப் போகாமல் காலையில் 'த டைம்ஸ்' பத்திரிகையில் வரவேண்டும் என்பது. மன்னர் கேட்டதாக அந்தக் குறிப்பில் எதுவும் இல்லை.

ஆக, சபையில் "சட்டம் வேண்டாம்" என்று சொன்ன வைத்தியர் அறையில் அதையே செய்தவர். அவர் காக்க நினைத்தது நோயாளியின் உயிரையா, வைத்தியரின் அதிகாரத்தையா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் "வைத்திய அறம்" என்ற சொல்லை எங்களால் இலகுவாகப் பாவிக்க முடியவில்லை.

டோசன் வகை மறுப்பில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. சாதாரண மனிதர் புற்றுநோயில் துடித்தால் அவருக்கு என்ன செய்வது? அதற்கு அந்தக் காலத்து வைத்தியசாலைகளிடம் நல்ல பதில் இல்லை. மோர்பினுக்கு நோயாளி அடிமையாகிவிடுவார் என்ற பயத்தில், வலி திரும்பி வந்து அவர் கெஞ்சிய பிறகுதான் அடுத்த ஊசி. குணப்படுத்த முடியாது என்று தெரிந்ததும் வைத்தியர் கட்டிலைத் தாண்டிப் போய்விடுவார்.

பதிலைத் தேடிப் போனவர் சிசிலி சோண்டர்ஸ். 1918இல் பிறந்தவர். முதலில் தாதி, முதுகு நோவால் அந்த வேலையை விட்டு வைத்தியசாலைச் சமூக சேவையாளர். வார்சோவிலிருந்து வந்த டேவிட் டாஸ்மா என்ற யூத அகதி, நாற்பது வயதில் புற்றுநோயோடு தனியாகக் கிடந்தார். சாகிறவர்களுக்கென்று ஒரு நல்ல இடம் எப்படி இருக்கவேண்டும் என்று இரண்டு பேரும் கதைத்தார்கள். 1948இல் இறக்கும்போது அவர் சிசிலிக்கு 500 பவுண் விட்டுச் சென்றார், அந்த வீட்டில் தான் ஒரு யன்னலாக இருப்பேன் என்று சொல்லி.

சிசிலி அதன்பிறகு மருத்துவம் படித்து 1957இல் வைத்தியரானார். லண்டனில் ஹக்னியில் இருந்த புனித யோசேப்பு இல்லத்தில் நோயாளிகளின் கட்டிலருகே இருந்து குறிப்பெடுத்தார். அவர் கண்டது மிக எளிமையானது: வலி வருமுன்னே, நேரம் தவறாமல், வாய்வழியாக மோர்பின் கொடுத்தால் வலி அடங்குகிறது. நோயாளி மயங்கிக் கிடப்பதில்லை, பயந்தமாதிரி அடிமையாவதும் இல்லை. பிள்ளைகளோடு கதைக்கிறார், சாப்பிடுகிறார். வலி உடம்பில் மட்டும் இல்லை, மனதிலும் குடும்பத்திலும் காசுப் பிரச்சினையிலும் இருக்கிறது என்பதையும் சேர்த்து 'முழு வலி' என்றார். 1967இல் தெற்கு லண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லம் திறந்தது. டாஸ்மாவின் யன்னலும் அங்கே உண்டு. அந்த இல்லத்தில் பழகிப்போன கனடிய வைத்தியர் பல்ஃபர் மவுண்ட் 1975இல் மொன்றியலில் தொடங்கிய பிரிவுக்கு 'பாலியேட்டிவ் கெயார்' என்று பெயர் வைத்தார். நாங்கள் நோவு தணிப்புப் பராமரிப்பு என்று சொல்வது இதைத்தான்.

சிசிலி கருணைக்கொலையைக் கடைசிவரை எதிர்த்தார். அவரது கிறிஸ்தவ நம்பிக்கை அதற்கு ஒரு காரணம். இன்னொன்று, சாகவேண்டும் என்று கேட்கும் பலர் உண்மையில் வலி போகவேண்டும் என்றும், மற்றவருக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்றும்தான் கேட்கிறார்கள் என்ற அனுபவம். டோசனும் "வேண்டாம்" என்றார், சிசிலியும் "வேண்டாம்" என்றார். சிசிலியின் சொல்லுக்குப் பின்னால் நேரத்துக்கு வரும் மருந்தும் பக்கத்தில் இருக்கிற ஆளும் இருந்தார்கள். வித்தியாசம் அதுதான்.

இதோடு விவாதம் முடிந்துவிட்டதா? இல்லை. 1987இல் உலக மருத்துவச் சங்கம், நோயாளி கேட்டாலும் கருணைக்கொலை அறத்துக்கு முரண் என்று அறிவித்தது. பயனில்லாத சிகிச்சையை நிறுத்தி இயற்கையாகச் சாகவிடுவது வேறு விடயம் என்றும் பிரித்துச் சொன்னது. ஆனால் பெல்ஜியம் 2002இல் கருணைக்கொலைச் சட்டத்தையும் நோவு தணிப்புப் பராமரிப்புச் சட்டத்தையும் சில வார இடைவெளியில் நிறைவேற்றியது. ஒன்று வந்தால் மற்றது தேவைப்படாது என்ற கணக்கு அங்கே பொருந்தவில்லை. எவ்வளவு நல்ல பராமரிப்புக் கிடைத்தாலும் "போதும்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை எங்களால் வாயடைக்க முடியாது. பிரித்தானிய மருத்துவச் சங்கமும் 2021இல் மிகச் சிறிய வித்தியாசத்தில் தன் எதிர்ப்பை விட்டு நடுநிலைக்கு வந்தது.

ஆனால் பெரும்பாலானவர்கள் அந்தக் கேள்வி வரை போவதே இல்லை. நோவு தணிப்புப் பராமரிப்புத் தேவைப்படுகிறவர்களில் ஏறத்தாழ 14 வீதத்தினருக்கே உலகத்தில் அது கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிச்சப் பேருக்கு வைத்தியர் "கொல்லமாட்டேன்" என்று சொன்னால், அது இன்னும் டோசன் காலத்து மறுப்புத்தான். பல்கலைக்கழகத்திலோ வாசிகசாலையிலோ அடுத்தமுறை இந்தத் தலைப்பில் பட்டிமண்டபம் வைக்கும்போது, இரண்டு கட்சியிடமும் முதலில் ஒன்றைக் கேட்போம்: பக்கத்து வைத்தியசாலையில் இன்றிரவு வலியில் கிடப்பவருக்கு மோர்பின் நேரத்துக்குக் கிடைக்குமா?