தவளைத் தோலின் வரவு செலவுக் கணக்கு

காமர்ஸ் படிக்கிறவனுக்குத் தவளையோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். கணக்கு டேலி ஆனதால் பெரிய உண்மை ஒன்று வெளிப்பட்ட கதை இது.

தவளை தனக்கு வேண்டிய தண்ணீரை வாயால் குடிப்பதில்லை, தோல் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. குளத்து நீரில் உப்பு மிகக் குறைவு, தவளையின் இரத்தத்திலோ பல மடங்கு அதிகம். அப்படியானால் உடம்பிலுள்ள உப்பெல்லாம் மெல்ல மெல்ல வெளியே கசிந்துவிட வேண்டுமே? தவளை எப்படிப் பிழைக்கிறது?

1848இல் ஜெர்மனியைச் சேர்ந்த டு புவா-ரேமோன் தவளைத் தோலின் உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் இடையே மின்னழுத்தம் இருப்பதைக் கண்டார். அதற்கான காரணம் தெரிய நூறு வருடம் ஆனது. 1930களில் கோபன்ஹேகனில் ஆகஸ்ட் குரோக், உப்புக் குறைந்துபோன தவளைகள் மிக நீர்த்த கரைசலில் இருந்தும் தோல் வழியாக உப்பை இழுத்துக்கொள்கின்றன என்று காட்டினார்.

அதே நகரில் ஹான்ஸ் உஸ்ஸிங் ஒரு சோதனை செய்தார். தவளைத் தோல் துண்டு ஒன்றை இரண்டு சின்ன அறைகளுக்கு நடுவே திரை போலப் பொருத்தினார். இரண்டு பக்கமும் ஒரே உப்புக் கரைசல். வெளியிலிருந்து மின்சாரம் செலுத்தி, தோலின் மின்னழுத்தத்தையும் பூஜ்ஜியமாக்கினார். இனி உப்பு ஒரு பக்கமாக நகர எந்தக் காரணமும் இல்லை. ஆனாலும் மின்னோட்டம் நிற்கவில்லை!

அதைச் சுமப்பது யார்? சோடியம்-22, சோடியம்-24 என்ற இரண்டு கதிரியக்க ஐசோடோப்புகளை வைத்து, உள்ளே போன சோடியத்தையும் வெளியே வந்த சோடியத்தையும் தனித்தனியே அளந்தார்கள். வரவில் செலவைக் கழித்தால் வந்த மீதி, அந்த மின்னோட்டத்தோடு அப்படியே பொருந்தியது. 1951இல் உஸ்ஸிங்கும் செரானும் இதை வெளியிட்டார்கள். அதாவது, தோலின் செல்கள் சும்மா வழிவிடவில்லை. சக்தியைச் செலவழித்து சோடியத்தை உள்ளே இழுக்கின்றன.

1958இல் கோஃபோத்-யோன்சனும் உஸ்ஸிங்கும் இன்னும் ஒரு படி போனார்கள். செல்லின் இரண்டு முகங்களும் வேறு வேறு என்றார்கள். வெளிமுகம் சோடியம் நுழையும் வாசல். உள்முகத்தில் இருக்கும் பம்பு அந்தச் சோடியத்தை உடம்புக்குள் தள்ளி, பதிலுக்குப் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் எடுத்துக்கொள்கிறது. அந்தப் பம்பை முந்தைய வருடம் நண்டின் நரம்பில் கண்டுபிடித்தவர் இன்னொரு டென்மார்க்காரர், யென்ஸ் ஸ்கவ். அவருக்கு 1997இல் நோபல் பரிசு கிடைத்தது. உஸ்ஸிங் நோபல் வாங்காமலே 2000இல் காலமானார். நம் சிறுநீரகக் குழாய்களும் உப்பை மீட்பது ஏறக்குறைய இதே முறையில்தான்.

இந்தக் கணக்கு பிசகினால் என்ன ஆகும்? உலகின் பல பகுதிகளில் தவளைகளை அழித்துவரும் கைட்ரிட் பூஞ்சை தோலில்தான் வளர்கிறது. தோலில் மட்டும் வளரும் பூஞ்சை உயிரையே எடுப்பது எப்படி என்பது புதிராக இருந்தது. ஆஸ்திரேலியப் பச்சை மரத் தவளைகளில் செய்த ஆய்வு 2009இல் பதில் சொன்னது. நோயுற்ற தோலில் உப்புக் கடத்தல் பாதிக்கும் கீழே குறைந்திருந்தது. இரத்தத்தில் சோடியம் சுமார் 20 சதவீதமும் பொட்டாசியம் சுமார் 50 சதவீதமும் சரிந்து, கடைசியில் இதயம் நின்றுபோனது.

வரவு நின்றால் கடை மூடத்தான் வேண்டும். தவளைக்கு அந்தக் கடை அதன் தோல்.