புள்ளி

புள்ளி என்பதன் முதற்பொருள் சிறு குறி. மெய்யெழுத்தின் தலையில் நிற்கும் குறியைத் தொல்காப்பியமும் புள்ளி என்றே சொல்லும். குறியிட்டு எண்ணும் வழக்கில் எண்ணப்படும் ஆளும் புள்ளியானார். பெரும்புள்ளி, புள்ளிவிவரம் எல்லாம் இந்த உறவில் பிறந்தவை.

திருப்பத்தூர்ச் சீமையில் இச்சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. நகரத்தார் சமூகத்து மணமக்கள் தங்கள் பிரிவுக்குரிய நகரக் கோயிலில் திருமணத்தைப் பதிந்ததும் ஒரு புள்ளியாகிறார்கள். பிள்ளையார்பட்டியும் வைரவன்பட்டியும் நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களில் இரண்டு. கோயில் வரியும் புள்ளிக் கணக்கில்தான்.

பதிந்த பின்பே ஆளாக எண்ணும் இதே முறை கணினி வலையமைப்பிலும் உண்டு. பயனர் கணக்குகளை வைத்திருக்கும் விண்டோஸ் டொமைன் கன்ட்ரோலர்கள் தலைமை சர்வரிடம் வழக்கமாக 500 எண்களை மொத்தமாக வாங்கி, புதுப் பயனர் ஒவ்வொருவருக்கும் ஒன்று தருகின்றன. கொடுத்த எண் மறுபடி இன்னொருவருக்குப் போகாது. எங்கும் ஏட்டில் ஏறினால்தான் புள்ளி.