சி. வி. இராமனின் மிருதங்க ஆய்வும் அதன் தாக்கமும்

சி. வி. இராமன் (1888–1970) ஒளிச்சிதறல் ஆய்வுக்காக 1930-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற அறிவியலாளர். அதற்கு முன்பே இசைக்கருவிகளின் ஒலியியலில் உலக அளவில் மதிக்கப்பட்டவர். வயலின், வீணை, தம்புரா, மிருதங்கம், தபலா ஆகிய கருவிகளை ஆராய்ந்தார். மிருதங்கத்தின் ஒலி பற்றிய அவரது கண்டுபிடிப்பு, நூறாண்டு கடந்தும் கணினிவழி இசை ஆய்வுக்கு அடிப்படையாக விளங்குகிறது.

பின்னணி

இராமன் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். அவருடைய தந்தை சந்திரசேகர ஐயர் கல்லூரி ஆசிரியர், வயலின் வாசிப்பவர். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் வெளியிட்ட இசை ஒலி உணர்வு பற்றிய நூல் இராமனின் சிந்தனையில் ஆழ்ந்த தாக்கத்தை ஏற்படுத்தியது. 1907-இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்ற அவர், அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். வில்லால் இசைக்கப்படும் தந்திகளின் அதிர்வு குறித்த அவரது விரிவான ஆய்வு நூல் 1918-இல் வெளிவந்தது.

தோற்கருவியில் சுருதி

ஒரு தந்தியை மீட்டினால் அடிப்படைச் சுரத்துடன் அதன் 2, 3, 4 மடங்கு அதிர்வெண் கொண்ட மேற்சுரங்களும் எழுகின்றன. இவை முழு எண் மடங்குகளாக அமைவதால் சீரிசைகள் எனப்படும். செவி இவற்றைத் தனித்தனியாகக் கேட்பதில்லை. சேர்த்து ஒரே சுரமாக உணர்கிறது. ஆனால் இழுத்துக் கட்டிய சாதாரண வட்டத் தோலில் மேற்சுரங்கள் 1.59, 2.14, 2.30, 2.65 மடங்கு என ஒழுங்கின்றி அமைகின்றன. ஆகவே பறை போன்ற கருவிகளில் தாளம் தெளிவாகக் கேட்கும். குறிப்பிட்ட சுருதி கேட்காது.

மிருதங்கம் இதற்கு விலக்கு. பாடகரின் சுருதிக்கு ஏற்ப அதைக் கூட்ட முடிகிறது. இதன் காரணத்தை ஆராய்ந்த இராமனும் சிவகாளி குமாரும், இந்திய மத்தளங்களின் மேற்சுரங்கள் சீரிசைகளாக அமைகின்றன என்பதை 1920-இல் 'நேச்சர்' இதழில் அறிவித்தனர். வலந்தலையின் நடுவே பூசப்படும் கருநிறக் கரணையே இந்த மாற்றத்தைச் செய்கிறது. கரணையின் எடை நடுவில் மிகுந்தும் ஓரத்தை நோக்கிக் குறைந்தும் இருப்பதால், தோலின் அதிர்வுகள் ஒழுங்குபடுகின்றன.

1934-இல் இந்திய அறிவியல் அகாதமியின் முதல் தொகுதியில் இராமன் இதை மேலும் விளக்கினார். அதிரும் தோலின் மீது நுண்மணலைத் தூவி, மணல் சேரும் கோடுகளைக் கொண்டு அசையாத இடங்களைக் கண்டறிந்தார். தோலின் 9 வகை அதிர்வுகள் 5 சீரிசைகளுக்குள் அடங்குவதைக் காட்டினார். கலைஞர் ஒரு விரலைத் தோலில் மெல்ல வைத்து மற்றொரு விரலால் தட்டும்போது, தொட்ட இடம் கணுவாகி, அதற்கு இசைந்த சீரிசை மேலோங்குகிறது. ஒரே தோலில் வெவ்வேறு சொற்கள் பிறப்பதன் காரணம் இதுவே.

தம்புராவும் வீணையும்

1921-இல் தம்புராவையும் வீணையையும் பற்றி எழுதினார். தந்தியை ஒரு கணுப் புள்ளியில் மீட்டினால் அந்தக் கணுவுக்குரிய சீரிசை எழக் கூடாது என்பது அன்றைய விதி. இக்கருவிகளில் அந்தச் சீரிசையும் ஒலித்தது. வளைந்த குதிரையின் அமைப்பே இதற்குக் காரணம் என்று இராமன் விளக்கினார். தம்புராவில் தந்திக்கடியில் செருகும் ஜீவாளி நூலும் இதற்குத் துணைசெய்கிறது.

பிற்கால ஆய்வுகள்

1954-இல் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் மன் மோகன் சோந்தியும், கரணைப் பகுதியையும் வெளிப்பகுதியையும் இரு வேறு அடர்த்தி கொண்ட ஒரே தோலாகக் கருதி, இராமன் கண்டதைக் கணித முறையில் விளக்கினர். சோந்தி பின்னர் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். தொலைபேசியில் பேசுபவரின் குரல் அவருக்கே திரும்பிக் கேட்பதை நீக்கும் தகவமைப்பு எதிரொலி நீக்கி பற்றிய அவரது கட்டுரை 1967-இல் வெளிவந்தது. மிருதங்க ஆய்விலிருந்தே இக்கருவி பிறந்தது என்று கூற இயலாது; அதிர்வுகளைக் கணிதத்தால் அளக்கும் பயிற்சி இரண்டுக்கும் பொதுவானது.

நேரடித் தொடர்ச்சியைச் சென்னை ஐ.ஐ.டி.யில் காணலாம். அங்குப் பேராசிரியர் ஹேமா மூர்த்தியும் மிருதங்கக் கலைஞர் அக்ஷய் அனந்தபத்மநாபன் உள்ளிட்டோரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மிருதங்கச் சொற்களை அவற்றின் இயல்பு அதிர்வுகளாகப் பிரித்து, ஒலிப்பதிவிலிருந்து கணினியே சொற்களை அடையாளம் காணும் முறையை முன்வைத்தனர்.

கைவினைஞர் பங்கு

தோலில் சீரிசையை வரவழைத்த அறிவு இராமனுக்கு முன்பே கருவி செய்வோரின் கைகளில் இருந்தது. கிட்டான் கல்லின் பொடியைச் சோற்றுடன் பிசைந்து, மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஒவ்வொரு அடுக்கையும் தேய்த்து, தட்டிக் கேட்டுச் சரிபார்ப்பது அவர்கள் வழக்கம். அளவுகோல் செவி மட்டுமே. இந்தியக் கருவிகளை உருவாக்கிய முன்னோரின் திறனை இராமன் பாராட்டினார். ஆயினும், தோலைத் தொட்டு வேலை செய்ததாலேயே தாழ்வாக நடத்தப்பட்ட இக்கைவினைஞர்களின் பெயர்கள் நெடுங்காலம் எழுத்தில் ஏறவில்லை. டி. எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' (2020) நூல் அக்குறையை ஓரளவு நீக்கியது.

மாணவர் செய்து பார்க்க

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் கைபேசிகள் உற்பத்தியாகின்றன. அப்பகுதியில் உள்ள வல்லக்கோட்டை போன்ற ஊர்களின் மாணவரும், அதிர்வெண்களைக் காட்டும் செயலி ஒன்றைக் கைபேசியில் நிறுவி இராமனின் முடிவைச் சோதிக்கலாம். முதலில் பறையையும் பிறகு மிருதங்கத்தின் வலந்தலையையும் தட்டிப் பதிவு செய்ய வேண்டும். பறையின் கோடுகள் ஒழுங்கற்றும், மிருதங்கத்தின் கோடுகள் ஏறத்தாழச் சம இடைவெளியிலும் தோன்றும். அந்தச் சம இடைவெளியே செவி உணரும் சுருதி.